ஏற்றத்தில் ஒரு தட்டு

காலி ட்ரெய்லர் கனத்தது.

அருள்நாதன் குனிந்து மறுபடியும் விரல் வைத்துப் பார்த்தான். காலி ட்ரெய்லரைப் பிக்கப்பின் கொக்கியில் மாட்டினால், பின் சக்கரத்துக்கும் அதன் மேல் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழைய இடம் இருக்கும். ட்ரெய்லரின் கீழ்க்கட்டிலில் ஓர் ஆள் படுத்தால் அது மூன்று விரலாகும். இந்தக் கணக்கை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வண்டிக்குக் கொக்கி வைத்தவனும், ட்ரெய்லரைப் பலகை பலகையாக எழுப்பியவனும் அவனே என்பதால் அது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. இப்போது மூன்று விரல்தான் நுழைந்தது. நான்காவது விரல் தகரத்தில் இடித்து நின்றது.

எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில்கள், சுவரோடு மடங்கும் மேஜை, ஸ்டவ் வைக்கத் தகரம் அடித்த மூலை, தண்ணீர் டிரம். டிரம்மைத் தட்டினான். காலி. கீழ்க்கட்டிலில் மெத்தைகூட இல்லை. அதை ஆறு வாரத்துக்கு முன்பே எரித்துவிட்டார்கள். ஆறு வாரமும் மழை, பலகை ஈரம் குடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஈரம் குடித்தால் மரத்தின் எடை கூடும். ஓர் ஆள் எடை கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

"என்ன, அத்தன மட்டம் குனிஞ்சு குனிஞ்சு பாக்கிய?" அடுப்படி வாசலில் நின்று அவன் மனைவி சகாயசெல்வி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வண்டி ஸ்பிரிங் பட்டை தளந்திருக்கு."

"அப்ப நாளைக்குப் போனா என்ன? மணி மூணாவப் போவுது. அஞ்சுக்கெல்லாம் இருட்டிரும்லா."

"சார் இன்னைக்கே கேட்டிருக்காருட்டி."

அவள் அடுப்படிக்குள் திரும்பிப் போனாள். ஆறு வாரமாக அவன் கோயில் பூசையில் நன்மை வாங்கப் போகாததைப் பற்றியும் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போமா என்று அவன் சில சமயம் யோசிப்பதுண்டு. சொல்லியிருக்க மாட்டான்.

சாலை சர்வேயின் அதிகாரி திருநாவுக்கரசு சென்னையிலிருந்து வந்தவர். அறுபத்தேழாம் வருஷம், ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த படம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு புரோத்ராபூரில் இருந்த அருள்நாதனின் பட்டறைக்கு வந்தார். படத்தில் ஒரு பிக்கப் வண்டி, சக்கரம் வைத்த ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு போனது. சர்வே கேம்ப் வாரத்துக்கு ஓர் இடம் மாறும். கூடாரத் துணி மழையில் மக்கிப் போகிறது, காலையில் எழுந்தால் படுக்கையில் அட்டை நெளிகிறது. "இதே மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா அருள்நாதன்?" என்றார். முடியும் என்று அவன் சொன்னதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது. யுத்த காலத்து வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். அவன் அதன் சட்டத்தில் கொக்கி வைத்துப் பற்றவைத்தான். பின்புறத்தில் சாமான் பெட்டிகளும் மண்ணெண்ணெய் டின்னுக்குக் கூண்டும், பக்கவாட்டில் விரித்துக் கட்டக் கித்தான் கூரையும் அமைத்தான். ட்ரெய்லரைப் படாக் மரத்தில் கட்டினான்.

கட்டிய விதத்தில்தான் பிசகு. அவன் அப்பனும் அப்பனுக்கு அப்பனும் வேம்பார்க் கரையில் வள்ளம் கட்டியவர்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திரித்து அடித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைச் சுடச்சுட அதன்மேல் பூசுவதுதான் அவனுக்குத் தெரிந்த தொழில். அவன் ட்ரெய்லரையும் அப்படியே அடைத்தான். சுவர், தரை, கூரை, கதவு விளிம்பு என்று ஓர் இடம் விடவில்லை. திருநாவுக்கரசு நாலு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு உள்ள வரலையே" என்று அவன் தோளைத் தட்டினார். அன்று முழுக்க அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வள்ளத்துக்குக் கூரை கிடையாது என்பது அன்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

தாழ்ப்பாள் விஷயமும் அப்படித்தான். கதவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு கேட்டான். நாகூர் கனி கடையில் ஒன்றுதான் இருந்தது. "மத்ததெல்லாம் மெயின்லேண்ட் கப்பல் வந்தாத்தான் அருளு. அபி, இப்பத்திக்கு இத வச்சு ஓட்டு" என்றார். குழியில் விழுந்து எழும்போது கதவு திறந்துகொள்ளக் கூடாதே என்று, இருந்த ஒன்றை வெளியே வைத்தான். கப்பல் வந்தது, போனது. இரண்டாவது தாழ்ப்பாளை வாங்க அவன் மறந்துவிட்டான்.

வண்டியை ஓட்டியதும் அவன்தான். பின்னால் ஆள் ஏறினால் லாரிக்காரர்களுக்கு உள்ள அதே வழக்கம்தான் இங்கேயும். உள்ளே இருப்பவர் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போகலாம்.

ஆறு வாரத்துக்கு முன்பு கேம்ப்பின் சமையல்காரர் கோவிந்தராஜுக்குக் குளிர்காய்ச்சல். கோவில்பட்டிப் பக்கத்து ஆள், நாற்பது வயது, இன்னொரு கரண்டி சோறு கேட்பதற்கே கூச்சப்படுகிற மனிதர். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவரைக் கீழ்க்கட்டிலில் படுக்க வைத்தார்கள். பல் கிட்டித்துப் போய், "குளுருது அண்ணாச்சி" என்றார். அருள்நாதன்தான் கணப்புச்சட்டியில் கரியை மூட்டி, ஊதி, கட்டிலுக்குக் கீழே வைத்தான். மழை அடிக்கிறதென்று சன்னலை மூடினான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தது. வண்டியை எடுத்தான்.

பெரார்கஞ்ச் வருவதற்கு முன்னால் உள்ள ஏற்றத்தில், பாதி மேடு ஏறியிருந்தபோது, ஒரு தட்டு.

கேட்டது. தெளிவாகக் கேட்டது. எஞ்சின் உறுமலிலும் மழையிலும் அமுங்காமல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தான். ஈரச் சேற்றில் மேட்டின் நடுவே நிறுத்தினால் ட்ரெய்லர் பின்னுக்கு இழுக்கும், மறுபடி கிளப்ப முடியாது. மேடு ஏறட்டும், சமதளம் வந்ததும் நிறுத்தலாம் என்று நினைத்துக்கொண்டான். சமதளம் வந்தபோது இரண்டாவது தட்டு இல்லை. சரியாகிவிட்டது போல என்று நிறுத்தாமலே போய்விட்டான்.

போர்ட் பிளேரில் கதவைத் திறந்தபோது கோவிந்தராஜ் கட்டிலில் இல்லை. கதவோடு ஒட்டிக் கிடந்தார். விரல் நுனிகளில் குங்கிலியம் அப்பியிருந்தது.

காய்ச்சல் சாவு என்று எழுதினார்கள். தட்டினாரா என்று கேட்டதற்கு அருள்நாதன் இல்லை என்றான். உள்ளே காற்றோட்டம் உண்டா என்று கேட்டதற்கு உண்டு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். இரண்டும் பொய்.

இப்போது கேம்ப்பில் யாரும் அந்த ட்ரெய்லரில் படுக்கமாட்டேன் என்கிறார்களாம். திருநாவுக்கரசு காலையில் ஆள் மூலம் சீட்டு அனுப்பியிருந்தார். "இன்றே கொண்டு வரவும். இன்றிரவு நானே அதில் படுத்துக் காட்டுகிறேன்." மழையென்றால் மனிதர் எல்லாவற்றையும் மூடுவார். விளக்கும் ஸ்டவ்வும் உள்ளேயே எரியும். விடிந்ததும் கதவைத் திறப்பவர்கள் என்ன பார்ப்பார்கள் என்று அருள்நாதனுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் போட்ட கையெழுத்து அவன் கழுத்தைப் பிடிக்கும். சொல்லாவிட்டால் இன்னோர் உயிர் போகும். இரண்டுக்கும் நடுவில் அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். போகிற வழியில், ஆளில்லாத ஓர் இடத்தில் நிறுத்தி, கை டிரில்லால் கூரை ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு துளை போட்டுவிடுவது. பட்டறையில் போட்டால் ஏன் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். காட்டில் கேட்க ஆளில்லை.

புரோத்ராபூரைத் தாண்டியதுமே வண்டியின் இழுப்பு சரியில்லை என்று தெரிந்துவிட்டது. காலி ட்ரெய்லர் குழியில் விழுந்தால் துள்ளும், சங்கிலி சலசலக்கும், தகரம் கடகடவென்று ஊரைக் கூட்டும். இன்று ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பக்கமும் வயலில் நின்ற தண்ணீரில் வானம் சாம்பலாகக் கிடந்தது. தென்னந்தோப்பு ஒன்றில் யாரோ சருகு எரித்த புகை சாலைக்குக் குறுக்கே தவழ்ந்து வந்தது. தோப்பு போய்ப் புகையும் போய்விட்டது, ஆனால் வண்டிக்குள் மட்டும் கரி நாற்றம் தங்கி நின்றது. சன்னலை இறக்கிவிட்டு ஈரக்காற்றை உள்ளே விட்டான். காற்று வந்தது. நாற்றம் போகவில்லை.

பெரார்கஞ்சுக்கு முன்னால் காட்டு கேட். கேட்காரர் பழனிசாமி ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். ட்ரெய்லர் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சன்னலருகே வந்தார்.

"உள்ள இருக்கறவரு பீமாராண்ணே?"

"உள்ள யாரு?"

"இருமல் பலமா இருக்கே. சீக்காளிய ஏன் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறீங்க? உல்ட்டாவுல்ல இருக்கு."

அருள்நாதன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாருமில்லை என்று சொன்னால் திறந்து காட்டச் சொல்வார். திறக்க அவனால் முடியாது. "சளி," என்றான்.

பழனிசாமி ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். "ரெண்டு ஆளு." கம்பைத் தூக்கினார்.

கேட் தாண்டியதும் வேகத்தைக் கூட்டினான். கேட்காரர் குசும்பு பிடித்தவர், வேண்டுமென்றே விளையாடியிருப்பார் என்று நினைக்கப் பார்த்தான். மனம் கேட்கவில்லை. ஊர் முடிந்து காடு இரண்டு பக்கமும் நெருங்கியது. அந்த மேடு வந்தது. போர்ட் பிளேர் பக்கமிருந்து வருகிறவனுக்கு அது இறக்கம். பிரேக்கில் கால் வைத்து இறங்கும்போது ட்ரெய்லர் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல அழுத்திக்கொண்டே வந்தது. கண்ணாடியை அவன் பார்க்கவில்லை. இறக்கம் முழுவதும் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் சமதளம். நிறுத்தினான். மணி நாலேமுக்கால். மேற்கே காட்டுக்கு மேல் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

எல்லாவற்றையும் முன்யோசனையோடுதான் செய்தான். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். சக்கரங்களுக்குக் கல் வைத்தான். கதவைத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தான். அதுவும் போதாமல், ஸ்க்ரூ டிரைவரால் தாழ்ப்பாளின் கம்பியையே கழற்றி அதையும் பையில் போட்டுக்கொண்டான். இனி யார் நினைத்தாலும் அதை மூட முடியாது. மழைக்காகச் சன்னல் பலகைகளை வெளியிலிருந்து ஆணியடித்திருந்ததால் உள்ளே மங்கல்தான். டார்ச்சை மடக்கு மேஜையில் வைத்துவிட்டு, கீழ்க்கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, முன்சுவரில் கண் உயரத்துக்கு மேலே டிரில்லை வைத்தான்.

படாக் மரம் லேசில் விடாது. சிவப்புத் தூள் முகத்தில் கொட்டியது. மரத்தூளின் வாசனைக்கு அடியில் குங்கிலியம், அதற்கும் அடியில் அந்தக் கரி. டிரில்லின் கிறுகிறு சத்தத்தோடு இன்னொரு சத்தமும் இருந்தது. அவன் நிறுத்தியபோது அதுவும் நின்றது. சுற்றியபோது மறுபடி வந்தது. பலகையை நகத்தால் சுரண்டுகிற மாதிரி. தன் டிரில்லின் எதிரொலி என்று வைத்துக்கொண்டான்.

மரம் விட்டது. துளை வழியாக ஒரு நூல் வெளிச்சம் உள்ளே வந்தது. பிறகு காற்று வந்தது. உள்ளே இழுத்தது. நின்றது. வெளியே போனது. நெடுநேரம் மூச்சை அடக்கி வைத்திருந்த ஒருவர் மூச்சு விடுகிற மாதிரி.

அருள்நாதன் டிரில்லைக் கீழே இறக்கினான்.

முதுகுப் பக்கம் வெளிச்சம் குறைந்தது. மெதுவாக. கட்டை நகரும் சத்தம் இல்லை. கதவு பலகையோடு வந்து பொருந்துகிற சத்தம் மட்டும். அவன் கையால் இழைத்து இழைத்துப் பொருத்திய கதவு. இம்மி இடைவெளி இல்லாத கதவு.

அதன் பிறகு தாழ்ப்பாள். துருப்பிடித்த கம்பி வளையத்துக்குள் போகிற அந்த இழுவைச் சத்தம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கம்பி அங்கேதான் இருந்தது. சில்லென்று. பக்கத்தில் சாவியும் இருந்தது.

எஞ்சின் கிளம்பியது.

பலகையில் தட்டு. ஒன்று. இரண்டு. வெளியிலிருந்து இல்லை. உள்ளே, அவன் முழங்கால் உயரத்தில், கீழ்க்கட்டில் பக்கமிருந்து.

வண்டி நகர்ந்தது.

கதவில் போய் விழுந்தான். தோளால் இடித்தான். கதவு அசையவில்லை. வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் ட்ரெய்லரோடு திரும்ப இடம் கிடையாது, அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் திரும்பியது. டார்ச் மேஜையிலிருந்து விழுந்தது. தரை சாய்ந்தது. டார்ச் பின்பக்கமாக உருண்டு கட்டிலுக்குக் கீழே போய் எதிலோ முட்டி நின்றது. எதில் என்று அவன் பார்க்கவில்லை.

வண்டி மேடு ஏறிக்கொண்டிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தான். எம்பித் துளையில் கண்ணை வைத்தான். வெளியே மழை. பிக்கப்பின் பின் கண்ணாடி. அதற்குள் டிரைவர் இடத்தில் ஒரு முதுகு. கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. சகாயசெல்வி போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த துண்டு. அவன் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். துண்டு இருந்தது.

கையை மடக்கிப் பலகையில் தட்டினான். ஒரு தட்டு.

முதுகு நிமிர்ந்தது. தலை கொஞ்சம் உயர்ந்தது. கண்ணாடியில் இரண்டு கண்கள் தெரிந்தன. கேட்டுவிட்டது என்பது அந்தக் கண்களில் தெளிவாகத் தெரிந்தது. தினமும் காலையில் சவரம் செய்யும்போது அவன் பார்க்கிற கண்கள். ஒரு நிமிஷம் ட்ரெய்லரைப் பார்த்தன. பிறகு சாலைக்குத் திரும்பிவிட்டன.

கத்தினான். நெஞ்சு அடைத்தது. கரிப் புகை. காலுக்கடியில் சூடு. காற்று வேண்டும். துளையில் வாயை வைத்து இழுத்தான்.

உதட்டில் பஞ்சு. மேலே இளஞ்சூட்டில் குங்கிலியம். யாரோ கட்டைவிரலால் அழுத்தி, நேர்த்தியாகப் பூசியிருந்தார்கள். வேம்பார்க் கரைக்காரர்கள் பூசுகிற மாதிரி.

நகத்தால் சுரண்டினான். விரலில் அப்பியது.

"மேட்டுல நிப்பாட்ட மாட்டாக அண்ணாச்சி." கீழ்க்கட்டிலிலிருந்து அந்தக் குரல் வந்தது. கூச்சப்பட்ட, பல் கிட்டித்த குரல். "வண்டி பின்னுக்கு இழுக்கும்லா. மேடு ஏறட்டும். சமதளம் வந்ததும் நிப்பாட்டுவாக."

அந்த நினைப்பை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் சொன்னதில்லை. பங்குச் சாமியாரிடம் சொன்னதில்லை.

"உக்காருங்க," என்றது குரல். கட்டில் பலகை நெரிந்தது. யாரோ சுவரோரமாக ஒதுங்கிப் படுத்து இடம் விட்டார்கள்.

அருள்நாதன் உட்காரவில்லை. மடக்கிய கையைப் பலகையில் வைத்தபடி, தரை நேராவதற்குக் காத்து நின்றான். அந்த மேடு இரண்டு பர்லாங்குதான். செகண்ட் கியரில் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. எஞ்சின் செகண்ட் கியரில் உறுமிக்கொண்டே இருந்தது. கட்டிலுக்குக் கீழே டார்ச் அணைந்து, அதே இடத்தில் கரி சிவந்தது. அவன் நேரத்தைக் கணக்கிட்டான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பத்தும் ஆகியிருக்கும்.

தரை இன்னும் சாய்ந்தே இருந்தது.